நாப்பிக்குள் வைக்க ஒரு துணி

மகளுக்கு ஆறாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. ஒருநாள் மத்தியானம் அவளைத் தூக்கிவரப் பிள்ளைக் காம்பராவுக்குப் போனேன். தோட்டத்தில் வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பகலில் வைத்துப் பார்க்கும் இடம் அது. அங்கே பொறுப்பாக இருக்கும் ஆயம்மா வழக்கமாக உள்ளேதான் இருப்பார். அன்று வாசலிலேயே நின்றார். இடுப்பில் என் மகள், கையில் ஒரு சிலுசிலுப் பிளாஸ்டிக் பை. பிள்ளையின் இடுப்பில் கட்டக் காலையில் நான் கொடுத்துவிட்டுப் போன துணி நாப்பிகள் ஐந்தும் பைக்குள் சொட்டச் சொட்ட நனைந்து கிடந்தன.

"தம்பி, கோவிச்சுக்காதீங்க. இனி புள்ளைய துணி நாப்பியில கொண்டாராதீங்க. பாய் மூணு தடவ நனைஞ்சிருச்சு. பக்கத்துல படுத்திருந்த புள்ளைக்கும் சட்ட மாத்த வேண்டியதாப் போச்சு. எனக்கு ஒம்பது புள்ளைங்க, ரெண்டு கைதான்" என்றார்.

அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை.

புளத்கொகுபிட்டியவுக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில் நான் ரப்பர் பால் வெட்டுகிறவன். விடியலில் மலைக்கு ஏறினால் பாலை எடுத்து ஸ்டோரில் கொடுத்துவிட்டு இறங்க மத்தியானம் ஆகும். என் மனைவி டவுனுக்கு அப்பால் ஒரு கார்மென்ட்ஸில் வேலை செய்கிறாள். இருட்டுப் பிரியுமுன் கம்பனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போனால் பொழுது சாய்ந்துதான் கொண்டுவந்து விடும். பிரசவ லீவு முடிந்தபோது நாங்கள் இருவரும் உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வந்திருந்தோம். காலையில் பிள்ளைக் காம்பரா, மத்தியானத்துக்குப் பிறகு நான். அவள் அப்போதுதான் முப்பது தையல் மெஷினுக்குப் பொறுப்பாக உயர்ந்திருந்தாள். தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்திலிருந்து அந்த இடத்துக்குப் போன முதல் பெண் அவள். பிள்ளையை வைத்துப் பார்க்க ஆளில்லை என்றால் வேலையை விட வேண்டியது அவள்தான் என்று எல்லோரும் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். அப்படி ஒரு பேச்சு எங்கள் வீட்டுக்குள் வரக்கூடாது என்று நினைத்துக்கொண்டு பையை வாங்கினேன்.

கடையில் விற்கும், கட்டிவிட்டு எறிகிற நாப்பிக்குத் திரும்பிப் போகவும் வழியில்லை. முதலில் அதைத்தான் கட்டினோம். விலை ஏறிய காலத்தில் ஒன்றையே நெடுநேரம் விட்டுவைத்தோம். பிள்ளையின் தொடை இடுக்கெல்லாம் சிவந்து, தோல் உரிந்து, தண்ணீர் பட்டாலே வீறிட்டாள். கிளினிக்கில் மிட்வைஃப் மிஸ் அவளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரெதி நாப்பி தான்ன. காத்துப் படவிடுங்க" என்று, துணி நாப்பியே கட்டும்படி, பாதி சிங்களத்திலும் பாதி தமிழிலும் சொன்னார். துணி நாப்பிக்கு மாறியபின் பத்து நாளில் தோல் ஆறிவிட்டது. அதைக் கண்ணால் பார்த்த பிறகு பழையபடி மாற எனக்கு மனம் ஒப்பவில்லை.

துணி நாப்பிகளைக் கொடுத்தது மனைவியோடு வேலை செய்கிற ஒரு பெண். தன் மகன் வளர்ந்துவிட்டான் என்று பன்னிரண்டு தந்தாள். வெளிப்பக்கம் தண்ணீர் விடாத துணி, உள்பக்கம் மெல்லிய துணி, நடுவில் பை மாதிரி ஒரு திறப்பு. ஈரத்தைக் குடிக்கும் துணியை அந்தப் பைக்குள் திணிக்க வேண்டும். வெளி நாப்பிகள் நல்லாயிருந்தன. உள்ளே வைக்கும் துணிகள்தான் நைந்து, கசங்கி, ஒன்றுக்கும் உதவாமல் கிடந்தன. அந்த உள் துணிக்கு அந்தப் பெண் சொன்ன பெயர் பூஸ்டர். லயத்தில் முதல் தடவை அந்தச் சொல்லை நான் சொன்னபோது பக்கத்துக் காம்பரா அக்கா பதறிவிட்டார். "பூஸ்டரா? மறுபடியும் ஊசியா போடச் சொல்றாங்க?"

ஆக, பிரச்சினை நாப்பியில் இல்லை. அதற்குள் என்ன வைப்பது என்பதில்தான். அன்று சாயந்தரம் மனைவி பஸ்ஸை விட்டு இறங்கியதும் நடந்ததைச் சொன்னேன். அவள் பையைத் திறந்து ஒவ்வொன்றாகப் பிழிந்து பார்த்தாள்.

"ஆயம்மாவ ஒன்னும் சொல்ல முடியாதுங்க. இது ஒரு தடவ மூத்திரத்தக் கூடத் தாங்காது."

"தாங்குற மாதிரி ஒன்ன நான் கண்டுபிடிக்கிறேன்" என்றேன்.

"நீங்களா?" என்றாள். கேலி இல்லை, நிஜமாகவே கேட்டாள்.

ஆயம்மாவிடம் போய் இரண்டு வாரம் தவணை கேட்டேன். அதுவரை பிள்ளைக் காம்பராவுக்குக் கடை நாப்பி கட்டி அனுப்புவது, வீட்டுக்கு வந்ததும் துணிக்கு மாற்றுவது என்று ஏற்பாடு. "சரி தம்பி, பாப்போம்" என்றார். அவர் நம்பினாரா என்று முகத்தில் தெரியவில்லை.

முதலில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன். பழைய குளிக்கிற டவலை வெட்டி, நாலாக மடித்துத் திணித்தேன். ஈரத்தைத் தாங்கியது உண்மைதான். ஆனால் பிள்ளை இரண்டு காலையும் அகட்டிக்கொண்டு, சைக்கிள் ஓட்டுகிறவள் மாதிரிக் கிடந்தாள். அதைவிடப் பெரிய தொல்லை காயவைப்பது. எங்கள் பக்கத்தில் மழை பிடித்தால் கொடியில் போட்ட, நான் இடுப்பில் உடுத்தும் சாரம்கூட மூன்று நாள் காயாது. நாலு மடிப்பு டவல் என்னத்துக்குக் காயும்? நாலாம் நாள் அதில் பூஞ்சை நாற்றம் வந்துவிட்டது.

அந்த மழை வாரத்தில்தான் எனக்கு ஒரு யோசனை வந்தது. ஸ்டோருக்குப் பக்கத்தில் ரப்பர் ஷீட்டுகளைப் புகை போட்டுக் காயவைக்கும் கட்டடம் இருக்கிறது. ஸ்மோக்கவுஸ் என்போம். மழையோ வெயிலோ அதற்குள் எப்போதும் வெப்பம்தான். அங்கே வேலை செய்கிறவர் எனக்குப் பழக்கம். மழையால் பால் வெட்டு நின்றிருந்த ஒருநாள் அவரிடம் கேட்டு, ஆறு துணிகளை ஷீட் தொங்கும் கடைசி மூங்கில் கழியில் தொங்கவிட்டேன். அடுத்தநாள் போய் எடுத்தேன். மொறுமொறுவென்று காய்ந்திருந்தன. எனக்கு ஒரே சந்தோஷம். வீட்டுக்குக் கொண்டுவந்து மனைவியிடம் நீட்டினேன்.

அவள் கையில் வாங்காமலேயே மூக்கைச் சுளித்தாள். துணி இலேசாகப் பழுப்பேறி, விறகுப் புகையும் ரப்பரும் கலந்த நாற்றம் அடித்தது. நாள் முழுக்க அந்த நாற்றத்துக்குள்ளேயே வேலை செய்கிற எனக்கு அது தெரியவேயில்லை.

"புள்ளைய ரப்பர் ஷீட்டோட ஏலத்துக்கு அனுப்பப் போறீங்களா? எந்த கிரேடுல போடுறதா உத்தேசம்?" என்றாள்.

இரண்டு பேரும் சிரித்துச் சிரித்துப் பிள்ளையை எழுப்பிவிட்டோம். ஆனால் அன்று ஒரு விஷயம் எனக்கு உறைத்தது. தாங்குகிற துணி மட்டும் போதாது. எங்கள் மழையில் காயவும் வேண்டும். இரண்டும் சேர்ந்த துணிதான் எனக்குத் தேவை.

அடுத்து டவுனில் வாகனம் துடைக்க விற்பார்களே, பொசுபொசுவென்று, அந்த மாதிரித் துணி வாங்கினேன். தண்ணீர் ஊற்றினால் கண் மூடித் திறக்குமுன் இழுத்துக்கொண்டது. காற்றிலேயே அரை நாளில் காய்ந்தது. வேலை முடிந்தது என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் கேகாலைக்குப் போனோம். கூட்டத்தில் என்மேல் ஒரு ஆள் சாய, நான் பிள்ளையை இறுக்கி அணைத்தேன். அணைத்த கையோடு என் சட்டையின் ஒரு பக்கம் முழுக்கச் சுடச்சுட நனைந்தது. பஞ்சை அமுக்கினால் எப்படிப் பிழிந்து கொடுக்குமோ அப்படி, குடித்ததையெல்லாம் அந்தத் துணி திருப்பிக் கொடுத்துவிட்டது. பக்கத்தில் நின்ற ஒரு சிங்கள அம்மா தன் கைக்குட்டையை எடுத்து நீட்டி, "பவ், சின்னப் பபா" என்று பிள்ளைக்காக இரங்கினார். நான்தான் பாவம் என்று அவரிடம் சொல்லத் தோன்றியது.

நனைந்த சட்டையோடு கேகாலையில் பஸ் மாறி மாவனல்லைக்குப் போனோம். அங்கே ஒரு துணிக்கடையில் பிள்ளைகளுக்கான எல்லாத் துணியும் கிடைக்கும் என்று மனைவி கேள்விப்பட்டிருந்தாள். கடையில் இருந்தது ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு முஸ்லிம் பெண். என் சட்டையையும் பிள்ளையையும் ஒரு பார்வை பார்த்தார். கேட்காமலே விஷயம் புரிந்துவிட்டது அவருக்கு.

"பொசுபொசுத் துணி வச்சீங்களா? அது அவசரக்காரத் துணி. குடிக்கிறதும் அவசரம், கக்குறதும் அவசரம்" என்றார். பிறகு மூன்று வகைத் துணிகளை எடுத்து மேசையில் விரித்தார். ஒன்று பிளனல். ஒன்று டீ ஷர்ட் தைக்கிற பருத்தி, கார்மென்ட்ஸில் மிஞ்சுகிற வெட்டுத் துண்டுகள். மூன்றாவது மூங்கில் நார் கலந்தது என்றார். தொட்டால் வழுவழுவென்று கனமாக இருந்தது. "இது மெதுவாத்தான் குடிக்கும். ஆனா குடிச்சத விடாது. எனக்கு அஞ்சு புள்ளைகள். எல்லாத்தையும் துணியிலதான் வளத்த. எது நல்லம்டு நான் சொல்ல மாட்டன். ஒவ்வொரு புள்ளையும் ஒவ்வொரு மாதிரி ஈக்கி. கொஞ்சம் கொஞ்சம் கொண்டுபோய்ப் பாருங்க."

மூன்றிலும் கொஞ்சம் வாங்கினோம்.

அந்த வாரமே ஒருநாள் மத்தியானம், பிள்ளை தூங்கிய நேரம் பார்த்து, லயத்து இஸ்தோப்பில், வாசல் திண்ணையில், என் பரீட்சையை வைத்தேன். டவல், பொசுபொசுத் துணி, பிளனல், டீ ஷர்ட் துணி, மூங்கில் துணி, என் பழைய சாரம். ஆறையும் ஒரே அளவுக்கு வெட்டி, சிமெந்துத் தரையில் வரிசையாகப் போட்டேன். ஒவ்வொன்றின் கீழும் பழைய பேப்பர் ஒன்று. பிள்ளையின் காய்ச்சல் மருந்தோடு வந்த சின்ன அளவுக் கோப்பையால் வெதுவெதுப்பான தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றி, எது எத்தனை கோப்பை தாங்குகிறது என்று கரித்துண்டால் தரையில் கோடு போட்டேன். ஊற்றினால் மட்டும் போதாது என்று பஸ் எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தது. அதனால் பிள்ளையின் நிறைக்குச் சமமாக அரிசியை ஒரு பையில் கட்டி, ஒவ்வொரு துணியின் மேலும் உட்கார வைத்து எடுத்தேன். பேப்பர் எவ்வளவு நனைந்திருக்கிறது என்று பார்த்தேன்.

பால் வெட்டுகிறவனுக்கு இது ஒன்றும் புதிய வேலை இல்லை. எந்த மரம் வேகமாக வடிக்கும், எது மெதுவாக ஆனால் நெடுநேரம் வடிக்கும் என்று பார்த்துப் பார்த்துத்தான் எங்கள் கண் பழகியிருக்கிறது. ஆனால் லயத்தில் இருந்தவர்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது. என்னோடு மலைக்கு வரும் ஒரு கூட்டாளி படியில் குந்திக்கொண்டு, "மச்சான், அரிசி மூட்டைக்கு நாப்பி கட்டிப் பாத்த மொத ஆள் நீதான்டா" என்றான். பீத்துணி துவைக்கிற ஆம்பிளை என்று அவன் என்னைப் பற்றி ஸ்டோரில் சொல்லிச் சிரித்தது எனக்கு ஏற்கனவே தெரியும். நான் கோபப்படவில்லை. "நீ சும்மாதான இருக்க. கோப்பைய எண்ணு" என்றேன். உட்கார்ந்து எண்ணினான்.

பொசுபொசுத் துணி நான் நினைத்தபடியே அரிசிப் பை ஏறியதும் பேப்பரை ஊறவைத்தது. டவல் பரவாயில்லை. சாரம் இரண்டு கோப்பையிலேயே கைவிரித்தது. டீ ஷர்ட் துணியும் பிளனலும் நடுத்தரம். எனக்கு ஏமாற்றம் தந்தது மூங்கில் துணிதான். தண்ணீர் அதன்மேல் சேம்பு இலையில் நிற்பதுபோல் முத்து முத்தாக நின்று, ஓரத்தால் வழிந்து ஓடிவிட்டது. கடைக்கார அக்கா ஏமாற்றிவிட்டார் என்று அதைத் தூக்கி மூலையில் எறிந்தேன்.

சாயந்தரம் மனைவி வந்து அதை எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"அலசுனீங்களா?"

"இல்ல. புதுத் துணிதான? சுத்தமாத்தான இருக்கு."

"ஐயோ, புதுத் துணியில மில்லுல போட்ட எண்ணெப் பசை எல்லாம் இருக்குங்க. அது போனாத்தான் தண்ணி உள்ள போகும். அஞ்சாறு தடவ சுடுதண்ணியில போட்டு அலசிக் காயவச்சிட்டுப் பாருங்க."

ஆறு தடவை அலசினேன். ஒவ்வொரு தடவையும் துணி கொஞ்சம் சுருங்கி, கொஞ்சம் தடித்தது. அதற்குள் ஆயம்மாவிடம் கேட்ட தவணை முடிந்துவிட்டது. இன்னும் ஒரு வாரம் கேட்டேன். ஏழாம் நாள் மறுபடி கோப்பையை எடுத்தேன். முதல் கோப்பை மெதுவாக இறங்கியது. இரண்டாவது இறங்கியது. மூன்று, நாலு, ஐந்து. அரிசிப் பையை வைத்து எடுத்தேன். கீழே இருந்த பேப்பர் காய்ந்த பேப்பராகவே இருந்தது. பரீட்சை பாஸான பிள்ளையின் நிலைமைதான் எனக்கு. சொல்ல ஆள் இல்லாமல், தொட்டிலில் முழித்துக்கொண்டு கிடந்த மகளிடம் பேப்பரைக் காட்டினேன். அவள் அதை வாய்க்குள் வைக்கப் பார்த்தாள்.

ஆனால் மூங்கில் துணி மெதுவாகக் குடிக்கிறது. பிள்ளை ஒரேயடியாக மூத்திரம் போனால் அது இழுப்பதற்குள் ஓரத்தால் வழியும். எனவே மேலே வேகமாகக் குடிக்கிற டீ ஷர்ட் துணி, கீழே பிடித்து வைத்துக்கொள்கிற மூங்கில் துணி என்று இரண்டையும் சேர்ப்பதாக முடிவு செய்தேன். எட்டு அடுக்காக வைத்து நாலு பக்கமும் தைத்துவிடச் சொன்னேன். மனைவி மாட்டேன் என்றாள்.

"நாலு பக்கமும் மூடித் தைச்சா உள்ளுக்குள்ள எப்பிடிக் காயும்? திரும்பவும் ஸ்மோக்கவுஸுக்கா கொண்டுபோவீங்க?"

"தைக்காட்டி மடிப்பு குலைஞ்சு போகுமே?"

"ஒரு பக்கம் மட்டும் தைக்கிறேன். கொப்பி மாதிரி. தொவைக்கும்போது தாள் தாளா விரியும், கட்டும்போது மூடிக்கலாம்."

அது என் மூளைக்கு எட்டாத யோசனை. கொடியில் போட்டபோது ஒவ்வொரு தாளும் தனித்தனியாகத் தொங்கியது. அடைமழை இல்லாத நாளில், வெயிலே இல்லாமல், இஸ்தோப்புக் காற்றிலேயே மறுநாள் காலைக்குள் காய்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவள் வீட்டுத் தையல் மெஷினில் தைக்க, நான் வெட்டினேன். பத்துத் தைத்தோம். பெண் பிள்ளைக்கு ஈரம் நடுவில்தான் சேருகிறது என்று நனைந்த துணிகளைப் பார்த்தே தெரிந்துகொண்டிருந்தேன். அதனால் நடுவில் மட்டும் ஒரு தாள் அதிகம் வைத்தோம். முழுக்கத் தடிப்பாக்காமல் நடுவை மட்டும் தடிப்பாக்கியதால் பிள்ளையின் கால்களும் சேர்ந்து நின்றன.

மறுநாள் ஆயம்மாவிடம் கொண்டுபோனேன்.

"ஒரு வாரம் பாருங்க ஆயம்மா. பாய் நனைஞ்சா நான் வந்து கழுவுறேன்."

"வெட்ட விட்டுட்டு எப்பிடி வருவீங்க?"

"மரம் எல்லாம் வெட்டி முடிச்சா பால் வடியிற வரைக்கும் சும்மாதான இருப்போம். அந்த நேரம் ஓடி வந்துட்டுப் போறேன்."

சொன்னபடி முதல்நாள் மரங்களை வெட்டி முடித்ததும் குறுக்குப் பாதையால் இறங்கி ஓடினேன். மூச்சு வாங்க உள்ளே நுழைந்தால், பாயில் ஈரம். எனக்கு முகம் செத்துவிட்டது. சொன்ன சொல்லுக்குப் பாயை எடுத்துக்கொண்டு பீலியடிக்குப் போனேன். தண்ணீர் பிடிக்க வந்த பெண்கள் பார்த்துக்கொண்டிருக்க, தேய்த்துக் கழுவி வேலியில் போட்டேன். பிறகு நாப்பியைக் கழற்றிப் பார்த்தேன். உள் துணி பாதிதான் நனைந்திருந்தது. அப்படியென்றால் ஈரம் எப்படி வெளியே வந்தது? திருப்பித் திருப்பிப் பார்த்தபோது கண்டுபிடித்தேன். உள் துணியின் ஒரு முனை விரலளவு தொடைப் பக்கமாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அந்த முனை வழியாக ஈரம் சட்டைக்கு ஏறி, சட்டையிலிருந்து பாய்க்கு இறங்கியிருக்கிறது.

"ஆயம்மா, தாங்காததால இல்ல. நான் சரியா வைக்கல" என்று அவருக்குக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். தானே அடுத்த நாப்பியை எடுத்து, துணியை உள்ளே தள்ளி, விரலால் ஓரமெல்லாம் தடவிவிட்டுக் கட்டினார். "நாளைக்கு ஓடி வராதீங்க. வேல முடிஞ்சே வாங்க" என்றார்.

இரண்டாம் நாள் பாய் நனையவில்லை. மூன்றாம் நாளும் நனையவில்லை. ஐந்தாம் நாள் நான் போனபோது ஆயம்மா பையை என்னிடம் கொடுத்துவிட்டு, "தம்பி, அந்தக் கடைசித் தொட்டில் புள்ளைக்கும் தோல் புண்ணாகி இருக்கு. அதோட தாய்கிட்ட சொல்லியிருக்கேன். இந்த மாதிரி மூணு தைச்சுக் குடுக்க ஏலுமா?" என்று கேட்டார். நான் அன்று லயத்துக்கு நடந்து வந்த வேகத்துக்கு யாராவது பார்த்திருந்தால் ஏதோ நல்ல சேதி வந்திருக்கிறது என்று நினைத்திருப்பார்கள். வந்துதான் இருந்தது.

தலைக்கனம் வந்தது என்றும் சொல்ல வேண்டும். அடுத்த மாதம், இன்னும் மேலாகச் செய்கிறேன் என்று நினைத்து, அலசும் தண்ணீரில் வாசனைத் தைலம் கலந்தேன். துணிக்கு மென்மையும் வாசமும் வரும் என்று விற்கிறார்களே, அது. பிள்ளைக் காம்பராவில் எல்லோரும் மோந்து பார்த்துப் பாராட்டினார்கள். இரண்டே வாரத்தில் நாப்பிகள் மறுபடி ஒழுகத் தொடங்கின. எனக்குக் காரணம் விளங்கவில்லை. தையலா, துணி பழுதாகிவிட்டதா என்று தலையைப் பிய்த்துக்கொண்டேன். கடைசியில் கோப்பையை எடுத்து ஊற்றினேன். அதே சேம்பு இலை முத்து. வாசனைத் தைலம் நூலில் படிந்து தண்ணீரை உள்ளே விடாமல் தடுத்திருந்தது. முதல் தடவை போல் மறுபடி ஆறு தடவை சுடுதண்ணீர். மனைவி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு எங்கள் காம்பராவுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் தாய்மார் வரத் தொடங்கினார்கள். துணியைத் தாங்களே கொண்டுவருவார்கள். மனைவி மெஷினில் உட்காருவாள். நான் காட்போட்டில் அளவு வெட்டிய அச்சை வைத்துத் துணியை வெட்டுவேன். பையன் பிள்ளை என்றால் முன்பக்கம் அதிகத் தாள், பெண் பிள்ளை என்றால் நடுவில், நெடுநேரம் தூங்குகிற பிள்ளை என்றால் கீழே இன்னொரு மூங்கில் தாள் என்று கேட்டுக் கேட்டுச் செய்வோம். படியில் குந்திச் சிரித்த கூட்டாளிக்கும் அந்த வருடமே ஒரு மகன் பிறந்தான். ஒருநாள் அவன் பீலியடியில் நாப்பி அலசிக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். "தைலம் போட்டுறாத மச்சான்" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தேன்.

மிட்வைஃப் மிஸ் காதுக்கும் இது போயிருந்தது. மகளுக்கு ஒரு வயது ஆவதற்குக் கொஞ்சம் முன்னால், கிளினிக் நாளில் வந்து தாய்மாருக்கு இதைச் செய்து காட்ட முடியுமா என்று கேட்டார். எங்கள் தோட்டத்துப் பெண்கள் மட்டுமில்லை, சுற்றியுள்ள சிங்களக் கிராமங்களிலிருந்தும் வருவார்கள். நான் மனைவியைப் போகச் சொன்னேன்.

"தைச்சது நானு. கண்டுபிடிச்சது நீங்க. நீங்களே பேசுங்க. நான் லீவு போட்டுட்டு வந்து முன்னால உக்காந்துக்கிறேன்" என்றாள்.

முப்பது பெண்களுக்கு முன்னால் ஒரு ஆம்பிளை கையில் நாப்பியோடு நின்றால் எப்படி இருக்கும்? மேசையில் ஆறு துணிகளையும் வைத்தேன். கோப்பையால் தண்ணீர் ஊற்றினேன். அரிசிப் பையைத் தூக்கி வைத்தபோது பின்வரிசையில் சிரித்தார்கள். பேப்பரைத் தூக்கிக் காட்டியபோது சிரிப்பு நின்றுவிட்டது. தமிழில் ஒரு தடவை, சிங்களத்தில் ஒரு தடவை என்று சொல்லிக்கொண்டே போனேன். புதுத் துணியை ஏன் அலச வேண்டும், முனை ஏன் வெளியே தெரியக்கூடாது, ஏன் ஒரு பக்கம் மட்டும் தைக்க வேண்டும். அந்தக் கடைசி யோசனை என் மனைவியுடையது என்று அவளைக் காட்டினேன். எல்லோரும் திரும்பிப் பார்க்க, அவள் சீலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

கிராமத்துப் பெண் ஒருத்தி எழுந்து சிங்களத்தில் கேட்டாள். "வீட்டுல யார் இதெல்லாம் துவைக்கிறது?"

"நான்தான்" என்றேன்.

அவள் தன்னோடு வந்திருந்த புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். மண்டபமே சிரித்தது. அந்த மனுஷன் தரையைப் பார்த்தார். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்த நிமிடம் எனக்கு இருந்த பெருமையை நான் மறைக்கப் போவதில்லை. பால் வெட்டில் நல்ல வெட்டுக்காரன் என்று எங்கள் வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை சொல்லியிருக்கிறார். அதுவும் பெருமைதான். இது வேறு. இது எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்காத வேலை. என் மகளின் தோலைப் பார்த்து, என் சட்டையை நனைத்து, நானே படித்தது.

முடிந்ததும் மூன்று பேருமாக இறங்கி நடந்தோம். தூறல் போட்டது. மனைவி குடை பிடித்தாள், மகள் என் இடுப்பில் தூங்கிக்கொண்டு வந்தாள். வீட்டைவிட்டு வந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. பழக்கத்தில் தொடை ஓரத்தில் விரலை விட்டுப் பார்த்தேன்.

"எப்பிடி?" என்றாள் மனைவி.

"காஞ்சுதான் இருக்கு."

"தெரியும். தைச்சது யாரு?" என்று சொல்லிக்கொண்டு அவள் முன்னால் நடந்தாள்.